கம்பத்தில் ஏறுபவன் பெயர் ஏட்டிலும் ஏறட்டும்!

புயல் ஓய்ந்த மறுநாள் காலை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் எப்போது வரும்?" என்பதுதான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையை அடித்து நொறுக்கியபோது இதைத்தான் கேட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மூழ்கியபோதும் இதைத்தான் கேட்டார்கள். கரண்ட் வந்தது. தெரு விளக்கு எரிந்தது. பட்டறை ஓடியது. துறைமுகத்துக் கிரேன் அசைந்தது. மந்திரிகள் அறிக்கை விட்டார்கள். பத்திரிகைகள் பாராட்டின.

ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்று சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தியவன் யார்? அறுந்த கம்பியை இழுத்துக் கட்டியவன் யார்? அவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

கேட்டால் வரும் பதில் என்ன? "அவன் எங்கள் ஆள் இல்லை, காண்டிராக்டர் ஆள்" என்கிறது நிர்வாகம். "நான் ஆள் கொடுத்தேன், வேலை வாங்கியது அவர்கள்" என்கிறார் காண்டிராக்டர். இரண்டு பேரும் கையைக் கழுவிய பிறகு, கம்பத்தின் மேல் தொங்குகிறவன் யாருடைய ஆள்? அவன் நம்முடைய ஆள். ஆகவே அவனுடைய பிரச்னையை இந்த வாரம் ஆலைத் தொழிலாளர் முன்னும் விவசாயத் தொழிலாளர் முன்னும் வைக்கிறோம்.

கூலியின் மகன் தொழில் படித்தான்

இந்த மின்சாரத் தொழிலாளி வானத்திலிருந்து குதித்தவன் அல்ல. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் நாற்று நட்ட தாயின் மகன். காசிமேட்டில் வலை இழுத்த தகப்பனின் மகன். மூடிய மில்லில் பதிலி வேலை பார்த்துக் கடைசிவரை நிரந்தரமாகாமல் வீட்டுக்குப் போனவரின் பேரன்.

மகனாவது ஒரு கைத்தொழில் கற்கட்டும் என்று குடும்பம் வயிற்றைக் கட்டி அவனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கிறது. எலெக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருஷம். பத்தாவது தேறியிருக்க வேண்டும். அங்கே மோட்டாருக்குச் சுருள் கட்டவும், ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பூட்டவும், மீட்டர் வைத்துப் பழுது கண்டுபிடிக்கவும் கற்றுக்கொள்கிறான். அதற்குமேல் அப்ரண்டிஸ் பயிற்சி ஒரு வருஷம். சிலர் கடன் வாங்கி டிப்ளமாவும் முடிக்கிறார்கள்.

இவ்வளவும் படித்தவனுக்கு எண்ணூர் பக்கத்துக் கேட்டுகளில் என்ன வரவேற்பு கிடைக்கிறது? "இடம் காலி இல்லை, காண்டிராக்டரைப் போய்ப் பார்." உள்ளே ஆயிரக்கணக்கில் காலியிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். காலியிடத்துக்குரிய வேலை ஒரு நாளும் காலியாக இருப்பதில்லை. அதே வேலையை, அதே படிப்பு படித்தவன், பாதிக் கூலிக்கும் குறைவாகச் செய்துகொண்டிருக்கிறான். இடம் மட்டும் காலி!

கடல் காற்று நிற்குமா?

வடசென்னைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. 1895-இலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடியது. பேசின் பிரிட்ஜில் வெள்ளைக்காரக் கம்பெனி நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்தது. 1947-இல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1-ஆம் தேதி மின்சார வாரியம் ஏற்பட்டது. 1970 முதல் 1975 வரை எண்ணூர் அனல் மின் நிலையத்தில் ஐந்து யூனிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச் மாதத்தோடு அது மூடப்பட்டது. இன்று அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் நிற்கிறது. முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் யூனிட் 2024 மார்ச்சில் துவக்கி வைக்கப்பட்டது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். தமிழ்நாட்டின் மில்லும் பம்புசெட்டும் ஓட இந்தக் கடற்கரை புகையையும் சாம்பலையும் சுமக்கிறது.

இங்கே மின்சார வேலைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. உப்பங்காற்று இரவு பகல் வீசுகிறது. கம்பத்தின் உச்சியில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டர்மீது உப்புப் படிகிறது. அதன்மேல் சாம்பல் தூள் ஒட்டுகிறது. மார்கழிப் பனியில் அது நனைந்தால் கரண்ட் அதன் வழியே பாயத் தொடங்கும். பொறி பறக்கும், லைன் விழும். கம்பியும் போல்ட்டும் துருப்பிடித்து இற்றுப்போகும். ஆகவே துடைக்க வேண்டும், மாற்ற வேண்டும், மறுபடி துடைக்க வேண்டும். இது ஒரு தடவை செய்து முடிக்கும் வேலையா? கடல் உள்ளவரை உள்ள வேலை.

மின் நிலையத்தின் உள்ளேயும் இதே கதைதான். நிலக்கரி கொண்டுவரும் பெல்ட்டின் மோட்டார், தண்ணீர் இறைக்கும் மோட்டார், சாம்பல் தள்ளும் மோட்டார், இவற்றின் பேனல்கள், ரிலேக்கள், கேபிள்கள் எல்லாம் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு தொழிலாளியின் கண்ணையும் கையையும் கேட்கின்றன. துறைமுகத்துக் கிரேன் நடுராத்திரியில் நின்றாலும் பழுது பார்க்க மேலே ஏறுகிறவன் எலெக்ட்ரீஷியன்தான். கரண்ட் நிரந்தரம். கம்பம் நிரந்தரம். பழுது நிரந்தரம். அதைத் தொடுகிற கை மட்டும் தற்காலிகமா? இது என்ன நியாயம்?

"எல்.சி. வாங்கியாச்சா?"

கூலி குறைவு என்பது கொடுமையில் பாதிதான். மறுபாதி இன்னும் பயங்கரமானது. அது உயிர் சம்பந்தப்பட்டது. இதை ஒவ்வொரு தொழிலாளியும் புரிந்துகொள்ள வேண்டும்.

பத்து வாட் பல்பு ஒன்று வீட்டில் எரிகிறது. அதில் ஓடும் கரண்ட், ஒரு ஆம்பியரை ஆயிரம் கூறாக்கினால் அதில் சுமார் நாற்பத்து மூன்று கூறு. அந்தச் சிறிய கரண்ட் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் சில விநாடி பாய்ந்தால் இதயம் தடுமாறி நின்றுவிடக்கூடும். வீட்டுக் கம்பியில் இருப்பது 230 வோல்ட். டிரான்ஸ்பார்மருக்கு வரும் கம்பியில் இருப்பது 11,000 வோல்ட்.

ஆகவேதான் 'லைன் கிளியர்' என்ற முறை இருக்கிறது. தொழிலாளர் இதை எல்.சி. என்பார்கள். கம்பத்தில் ஏறுமுன் பொறுப்புள்ள ஊழியர் தன் பெயரைச் சொல்லி சப்-ஸ்டேஷனில் எல்.சி. கேட்க வேண்டும். அங்கே இருப்பவர் சுவிட்சைத் திறந்து, பூட்டுப் போட்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று பலகை மாட்டி, நேரத்தையும் பெயரையும் ஏட்டில் எழுத வேண்டும். கம்பத்தடியில் நிற்பவர் கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். பக்கத்துக் கம்பெனியில் முறைகேடாக இணைத்த ஜெனரேட்டர் ஓடினால், அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, செத்த கம்பியில் மறுபடி 11,000 வோல்ட்டாக உயிர்பெறும். எர்த் ராடுதான் அப்போது உயிர்க்காவல். பிறகு பெல்ட், கையுறை, ஹெல்மெட். வேலை முடிந்து எல்லோரும் இறங்கினார்களா என்று தலை எண்ணிய பிறகே எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை சுவிட்சைப் போடக் கூடாது.

இந்த முறையின் உயிர்நாடி என்ன? பெயர்! யார் கேட்டது, யார் கொடுத்தது, யார் மேலே இருக்கிறார், யார் இறங்கினார் என்ற கணக்கு. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளின் 3-ஆம் விதியே இதைச் சொல்லிற்று: மின் கம்பியிலும் கருவியிலும் வேலை செய்யும் அதிகாரம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதி வைக்கப்பட வேண்டும். 2010-இலும் 2023-இலும் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்தக் கடமை தொடர்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எல்.சி. இன்னொருவர் பெயரில் வாங்கப்படுகிறது. கம்பத்தில் ஏறுவது இவன். சில சமயம் எல்.சி. வாங்கப்படுவதே இல்லை.

"அண்ணே, எல்.சி. வாங்கியாச்சா?"

"அஞ்சு நிமிஷ வேலைதான் தம்பி. ஜனங்க ரோட்ல உட்கார்ந்துட்டாங்க. ஏறிடு."

இந்தப் பேச்சு எத்தனை கம்பத்தடியில் நடக்கிறது என்பதைத் தொழிலாளர் அறிவார்கள். நிரந்தரத் தொழிலாளி, "எல்.சி. இல்லாமல் ஏற மாட்டேன்" என்று சொல்லலாம். அவனுக்கு மெமோ வரலாம். வேலை போகாது, பின்னால் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி அதைச் சொன்னால் மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. ஆகவே அவன் ஏறுகிறான். ஏறியவன் விழுந்தால் என்ன ஆகிறது? "அவனை யார் ஏறச் சொன்னது? அனுமதியில்லாமல் ஏறினான்" என்று ஏடு சொல்கிறது! உயிரோடு இருந்தபோது அவன் பெயரை எழுதாத ஏடு, செத்த பிறகு குற்றவாளியாக எழுதுகிறது.

நிரந்தரம் என்பது சம்பள உயர்வுக்கான கோரிக்கை மட்டும் அல்ல என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். "மாட்டேன்" என்று சொல்லும் உரிமைக்குப் பெயர்தான் நிரந்தரம். ரப்பர் கையுறையைவிடப் பெரிய காவல் அது.

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி எண்ணூரில் புதிய அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது வெளிமாநிலத் தொழிலாளர் மாண்டார்கள். அது கட்டட வேலை, கம்பி வேலை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். பல மைல் கடந்து பிழைக்க வந்தவன், மொழி தெரியாதவன், நாளைக் கூலிக்குக் காண்டிராக்டர் முகத்தைப் பார்க்க வேண்டியவன், "இந்தச் சாரம் ஆடுகிறது, ஏற மாட்டேன்" என்று யாரிடம் சொல்வான்?

சட்டம் நடந்த பாதை

சட்டமே இல்லையா? இருந்தது. 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, எப்போதும் நடக்கும் இயல்புடைய வேலையா, நிரந்தரத் தொழிலாளரைக் கொண்டு வழக்கமாகச் செய்யப்படும் வேலையா என்று பார்த்து ஒப்பந்த முறையைத் தடை செய்யச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1981-ஆம் வருஷத்துச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரம் என்று சொல்கிறது. மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்னையை நீதிபதி காலித் கமிஷன் 1991-இல் பரிசீலித்தது. அதன் பிறகும் தொழிலாளர் போராடிப் போராடி, ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் பல்லாயிரம் பேர் நிரந்தரமாக்கப்பட்டார்கள். கொடுத்தவர் கருணையால் அல்ல, கேட்டவர் பலத்தால்!

ஆனால் ஒரு வாசலில் ஆயிரம் பேர் நிரந்தரமாகி உள்ளே போக, இன்னொரு வாசலில் மறுபடி காண்டிராக்டர் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டான் என்று தீர்ப்பளித்தது. 2021-இல் 'கேங்மேன்' என்ற பெயரில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் எடுக்கப்பட்டார்கள். குழி தோண்டவும் கம்பம் நடவும் என்றார்கள். லைன் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்காரின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1970-ஆம் வருஷச் சட்டம் போய்விட்டது. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே சட்டம் பாயும். இனி 50 பேர் வேண்டும். ஒருவர் 49 பேரை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்! மூலத் தொழிலில் ஒப்பந்த முறை கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. வழக்கமாகக் காண்டிராக்டர் மூலமே நடந்துவருகிற வேலையானால் கூடும் என்று அடுத்த வரி இருக்கிறது. கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்த கதை இது.

"பணம் இல்லை" என்கிறார்கள்

வாரியம் நஷ்டத்தில் ஓடுகிறது, எல்லோரையும் நிரந்தரமாக்கப் பணம் ஏது என்று கேட்கிறார்கள். தனியார் கம்பெனிகளிடம் மின்சாரம் வாங்கப் பணம் இருக்கிறது. கடனுக்கு வட்டி கட்டப் பணம் இருக்கிறது. காண்டிராக்டரின் கமிஷனுக்குப் பணம் இருக்கிறது. லைனில் நிற்பவன் கூலிக்கு மட்டும் கஜானா வறண்டுவிடுகிறதா? நஷ்டம் கம்பத்தின் உச்சியில் உண்டாகவில்லை. அதற்கான பழியை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள்.

அவர்களுக்குத் தகுதியில்லை என்றும் சொல்கிறார்கள். புயல் நாளில் இருந்த தகுதி, மறுவாரம் எங்கே போயிற்று? பயிற்சி குறைவு என்றால் பயிற்சி கொடுப்பது யார் கடமை? பயிற்சியில்லாதவனை 11,000 வோல்ட்டுக்குக் கீழே நிறுத்தியவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நிரந்தரத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

கசப்பானாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தன் பெயரில் எல்.சி. வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத் தம்பியை மேலே ஏற்றிவிட்டுக் கீழே நிற்கும் வழக்கம் நம் தோழர்களிடமும் சில இடங்களில் இருக்கிறது. ஆள் குறைவு, வயது ஏறிவிட்டது, வேலைப் பளு தாங்கவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் அவன் விழுந்தால் முதலில் சஸ்பெண்ட் ஆவது அந்த எல்.சி.யில் பெயர் உள்ள தோழர்தான். காண்டிராக்டரும் மேலதிகாரியும் தப்பித்துக்கொள்வார்கள். பலியானவனும் தொழிலாளி, பழி சுமப்பவனும் தொழிலாளி! ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி தாழ்ந்து கிடக்கும்வரை நிரந்தரத் தொழிலாளியின் இடமும் பத்திரமில்லை. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் காண்டிராக்டர் கைக்குப் போகும். இருவருக்கும் ஒரே சங்கம், ஒரே கோரிக்கை, ஒரே போராட்டம் என்பதைத் தவிர வேறு வழியில்லை.

உலகத் தொழிலாளர் அனுபவமும் இதுதான். அமெரிக்காவில் கம்பம் ஏறும் தொழிலாளர் 1891 நவம்பரில் செயின்ட் லூயி நகரில் கூடித் தங்கள் தேசிய சங்கத்தை அமைத்தார்கள். நிதி கிடையாது, ஆபீஸ் கிடையாது. முதல் தலைவர் ஹென்றி மில்லர், கையில் கருவிப் பையோடு ஊர் ஊராகப் போய், பகலில் லைன் வேலை செய்து, இரவில் சங்கம் சேர்த்தார். 1896-இல் வேலையின்போது ஷாக் அடித்துக் கீழே விழுந்து மாண்டார். மின்சாரத் தொழிலாளியின் முதற் கோரிக்கை எங்கும் உயிர்க் கோரிக்கையாகவே பிறந்தது. இங்கேயும் 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி அண்டு சி மில் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, தங்களையும் மனிதர்களாக எண்ண வேண்டும் என்பதில்தான் தொடங்கினார்கள்.

நாம் கேட்பது இவை:

1. மின் நிலையத்திலும் மின் பாதையிலும் தொடர்ந்து வேலை செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரையும், சேர்ந்த தேதியையும், செய்யும் வேலையையும் நிர்வாகமே நேரடியாக ஏட்டில் எழுதி அடையாள அட்டை கொடுக்க வேண்டும்.

2. 480 நாள் கடந்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும். அதுவரை சம வேலைக்குச் சம கூலியை நிர்வாகமே நேரில் கொடுக்க வேண்டும்.

3. மேலே ஏறும் ஒவ்வொருவர் பெயரும் எல்.சி.யில் எழுதப்பட வேண்டும். எல்.சி., எர்த் ராடு, பெல்ட், கையுறை இல்லாமல் ஏற மறுத்தவனை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

4. விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு மூல நிர்வாகமே நஷ்ட ஈடும், வாரிசுக்கு வேலையும் கொடுக்க வேண்டும். காண்டிராக்டருக்குக் கொடுத்ததற்காக மூல முதலாளியின் பொறுப்பு நீங்காது என்பது 1923-ஆம் வருஷச் சட்டத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்ட கொள்கை.

5. காலியிடங்களை ஐ.டி.ஐ., டிப்ளமா படித்த இளைஞர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். அப்ரண்டிஸ்களைச் சம்பளமில்லாத ஆட்களாகப் பயன்படுத்தக் கூடாது.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் தறியை ஓட்டும் கரண்ட் இவர்கள் கை வழியாக வருகிறது. விவசாயத் தொழிலாளத் தோழர்களே! வயலில் தாழ்ந்து தொங்கும் கம்பியால் முதலில் சாகிறவர்கள் நீங்கள். ஆள் இல்லாததால் கட்டப்படாத கம்பி அது. இந்தக் கோரிக்கை அவர்களுடையது மட்டும் அல்ல, உங்களுடையதும்தான்.

அடுத்த முறை உங்கள் தெருவில் ஒருவர் கம்பம் ஏறுவதைப் பார்த்தால், "கரண்ட் எப்போது வரும்?" என்று கேட்குமுன், "எல்.சி. வாங்கியாச்சா தம்பி? உன் பெயர் அதில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவனை இறங்கச் சொல்லுங்கள். இருட்டில் ஒரு மணி நேரம் சேர்ந்து காத்திருப்போம். ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்து நம் வீட்டு விளக்கை ஏற்ற வேண்டாம்.

கம்பத்தில் ஏறுபவன் பெயர் ஏட்டில் ஏறும்வரை இந்தக் குரல் ஓயாது!